அரிசோனா ஃபால் லீக் எதற்காகத் தொடங்கப்பட்டது?

1992-க்கு முன்னால், அமெரிக்க பேஸ்பால் சீசன் முடிந்ததும் கூடுதல் பயிற்சி தேவைப்பட்ட இளம் வீரர்கள் பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, புவெர்ட்டோ ரிக்கோ குளிர்கால லீக்குகளுக்குப் போனார்கள். அங்கே உள்ளூர் அணிக்கு வெற்றிதான் முக்கியம். சொதப்பும் இளைஞனை உட்கார வைத்துவிடுவார்கள். தங்கள் வீரர்கள் கண்ணெதிரே, தங்கள் திட்டப்படி ஆட வேண்டும் என்று மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) அணிகள் நினைத்தன. அதற்காகத்தான் 1992-இல், சீசன் முடிந்தபின் இளம் வீரர்கள் ஆடும் அரிசோனா ஃபால் லீக் தொடங்கியது. அந்த யோசனைக்கு உருவம் கொடுத்தவர் அனுபவமிக்க நிர்வாகி ரோலண்ட் ஹேமண்ட்.

இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றி, சீசனுக்கு முன் மேஜர் லீக் அணிகள் வசந்தகாலப் பயிற்சி எடுக்கும் மைதானங்கள் ஏற்கெனவே இருந்தன. மொத்தம் ஆறு அணிகள்; ஒவ்வொன்றிலும் ஐந்து மேஜர் லீக் அணிகளின் வீரர்கள் கலந்து ஆடுவார்கள்.

பலருக்கும் இந்த லீக் தெரியவந்தது 1994-இல்தான். கூடைப்பந்தை விட்டு வந்த மைக்கேல் ஜோர்டன், மேலாளர் டெரி ஃபிராங்கோனாவின் கீழ் இந்த லீக்கின் ஸ்காட்ஸ்டேல் ஸ்கார்ப்பியன்ஸ் அணிக்கு ஆடினார். அவரது பேட்டிங் சராசரி .252, அதாவது ஆயிரம் பேட்டிங் வாய்ப்புகளுக்கு 252 வெற்றிகரமான அடிகள் என்ற விகிதம். அதற்குச் சற்றுமுன் மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கில், பர்மிங்காம் அணிக்காக .202 மட்டுமே எடுத்திருந்தவருக்கு அது உண்மையான முன்னேற்றம். என்னைக் கேட்டால், இந்த லீக்கின் பயனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2011-இல் அதே அணியில், பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான மைக் டிரவுட்டும் பிரைஸ் ஹார்ப்பரும் சேர்ந்து ஆடினார்கள்.

புதிய விதிகளுக்கும் இதுவே சோதனைக்களம். பந்து வீச நேரக்கெடு வைக்கும் கடிகாரத்தை 2014-இல் இங்கே முயன்றார்கள். மேஜர் லீக்கில் அது 2023-இல் வந்தது. 2020-இல் மட்டும் கொரோனாவால் ஆட்டம் நடக்கவில்லை.