ஓஷினன் ஏரிக்கு எப்போது போகலாம்?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் சுவிட்சர்லாந்தின் ஓஷினன் ஏரியைச் சுற்றி நடக்க விரும்புகிறோம். வயதான அம்மாவும் வருகிறார். எந்தப் பாதை ஏற்றது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தென்னாப்பிரிக்காவில் நமக்கு டிசம்பர் கோடை, அங்கோ கடுங்குளிர். 1,578 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஏரி குளிர்காலத்தில் உறைந்து, மேட்டுப் பாதைகள் பனியில் புதைந்துவிடுவதால், பயணத்தை நம் ஜூன்–ஜூலை விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காண்டர்ஸ்டெக் ஊரிலிருந்து ரோப்காரில் மேலேறினால், அங்கிருந்து கரைக்குச் செல்லும் அகலமான பாதையில் அம்மா நிதானமாக அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம்; திரும்பும்போதுதான் சற்று ஏற்றம். தென்புறம் பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழுவதால் கரையோரமாக முழுச் சுற்று வர இயலாது. ஏரியின் நீலப்பச்சை நிறத்தை முழுமையாகக் காண ஹோய்பெர்க் என்ற மேட்டுப்பகுதி வழியாகச் செல்லும் உயரமான பாதையே சிறந்தது என்பேன். ஆயினும் சில இடங்களில் ஒருபுறம் சரிவு இருப்பதால், நம் டிராக்கன்ஸ்பர்க் மலைகளில் நடந்து பழகிய இளையவர்கள் மட்டும், மழையில்லா நாளில், பிடிப்புள்ள காலணியுடன் செல்லட்டும்.