கொய்யா ஜாம் ஏன் உறையவில்லை, ஏன் பூத்தது?

கேள்வி: வீட்டில் இரண்டு முறை கொய்யா ஜாம் செய்தேன். முதல் முறை நன்கு பழுத்த பழமாகப் பார்த்து எடுத்தும், ஆறிய பிறகு பாகாகவே ஓடியது. அடுத்த முறை சிறு தீயில் நெடுநேரம் வைத்துச் சுண்டக் காய்ச்சினேன். ரப்பர் மாதிரி ஆகி, சில நாளில் அடியில் சர்க்கரை கற்கண்டாக உறைந்துவிட்டது. மேலே பூஞ்சையும் வந்தது. கடைப் பொடி எதுவும் சேர்க்காமல் சரியாகச் செய்ய முடியுமா? சர்க்கரையைக் குறைக்கலாமா?

பதில்: தாராளமாக முடியும். கொய்யாவுக்குப் பெக்டின் பொடி வேண்டியதே இல்லை. உங்களிடம் நடந்த நான்கு கோளாறுக்கும் நான்கு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் பழம். ஜாமை உறைய வைப்பது பழத்தில் இருக்கும் பெக்டின். காயில் அது கரையாத நிலையில் இருக்கும், பழுக்கும்போது கரையும் பெக்டினாக மாறும், கனிந்து குழையும்போது சிதைந்துவிடும். தின்பதற்கு ருசியான பழம் ஜாமுக்குத் தோற்றுப்போவது இதனால்தான். நிறமும் மணமும் வந்து, அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பழம் முக்கால் கிலோ, செங்காய் கால் கிலோ என்று எடுங்கள். பழநியை அடுத்த ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யா கிடைத்தால் நல்லது; சிவப்புச் சதை என்றால் நிறமும் அழகாக வரும்.

பெக்டின் என்ற பொருளை பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ 1825இல்தான் பிரித்து அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் சமையலறைக்கு அதன் குணம் வெகு காலம் முன்பே தெரியும். ரோமானியர்கள் சீமை மாதுளம்பழத்தை (ஆங்கிலத்தில் குயின்ஸ்) தேனில் இட்டுக் காத்தார்கள்; ஆரூடத்துக்குப் பெயர்போன நோஸ்டிரடாமஸ் 1555இல் வெளியிட்ட பழப்பாகுக் குறிப்புகளிலும் அந்தப் பழம் உண்டு. பெக்டின் மிகுந்த பழம் அது. அந்த வரிசையில் நம் பக்கத்தில் கொய்யா, விளாம்பழம், களாக்காய், ஆரஞ்சுத் தோல் வரும். இலங்கையில் விளாம்பழ ஜாம் வீட்டுக்கு வீடு பழகிய பண்டமாக இருப்பதில் வியப்பே இல்லை. நன்றாகப் பழுத்த மாம்பழமும் அன்னாசியும் இதில் பின்தங்கியவை.

பழத்தைத் தோலோடு, விதையோடு நறுக்கி, கிலோவுக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டு 20 நிமிடம் வேகவிடுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம். விதை உடைந்தால் நறநறப்பு போகவே போகாது. மத்தால் மசித்து, சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடித்தால் வழவழப்பான கூழ் இறங்கும். அதை எடை போடுங்கள். கீழே இருப்பது 1 கிலோ கூழுக்கான கணக்கு: சர்க்கரை 800 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மில்லி (மூன்று நான்கு பழம்).

எலுமிச்சையை ருசிக்கு என்று நினைத்துக் குறைத்துவிடுகிறார்கள். கொய்யாவில் பெக்டின் நிறைய, புளிப்பு போதாது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இது இறங்கும்) 3.0 முதல் 3.3க்குள் இறங்கினால்தான் பெக்டின் இழைகள் ஒன்றோடொன்று பிணையும். உங்கள் முதல் ஜாம் ஓடியதற்குக் கனிந்த பழத்தோடு இதுவும் காரணமாக இருக்கலாம். சாற்றில் பாதியைச் சர்க்கரையோடு சேருங்கள்: கொதிக்கும்போது அது சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிக்கும், அப்படிப் பிரிந்தால் ஜாம் கற்கண்டாகாது. மீதியை இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு விடுங்கள். அளவு மீறினாலும் கெடுதல்தான். உறைந்த ஜாம் தண்ணீர் கக்கும்.

அகலமான, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு சேரக் கூடாது. சிறு தீயில் சர்க்கரை முழுக்கக் கரைந்து, பாத்திர ஓரத்தில் ஒட்டிய மணிகளையும் ஈரத் துணியால் துடைத்த பிறகு, தீயைக் கூட்டி விடாமல் கிளறுங்கள். தெறிக்கும், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சிறு தீயில் மணிக்கணக்காகக் காய்ச்சினால் பெக்டின் அறுந்து, நிறம் கறுத்து, கொய்யா மணமும் போய்விடும். ஒரு தடவைக்கு 1 கிலோ கூழுக்கு மேல் போடாதீர்கள்.

பதம் பார்ப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சட்டியில் இருக்கும்போதே ஜாம் கெட்டியாக வேண்டும் என்று காத்திருந்தால் ஆறியதும் ரப்பராகும். சரியான பதத்தில் அது இளகலாகவே இருக்கும். கரண்டியால் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல், இரண்டு சொட்டு சேர்ந்து தகடாக வழிய வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். இது சமவெளிக் கணக்கு; தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 5 டிகிரி கூடுதல் என்பதுதான் விதி, ஆகவே கொடைக்கானலில் ஏறக்குறைய 98லேயே இறக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது தராசு. காலிப் பாத்திரத்தை முன்பே நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன அளவுக்கு உள்ளே இருப்பது சுமார் 1,330 கிராமாகச் சுண்டியதும் கரைபொருள் (கரைந்திருக்கும் சர்க்கரையும் பழச்சத்தும்) 66 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கும், அடுப்பை அணைத்துவிடலாம். கடை ஜாமுக்கு நம் நாட்டு உணவுத் தர விதி கேட்பதும் குறைந்தது 65 சதவீதம்தான்.

பூஞ்சைக்கு வருவோம். அந்த 65 சதவீதத்தில் பூஞ்சைக்குப் பயன்படும் தண்ணீர் மிகக் குறைவு. பழநிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாததன் பலனும் இதுவே. ஆனால் பாதி ஆறிய ஜாமைப் புட்டியில் இட்டு மூடினால், மூடியில் ஆவி நீர் கோத்து மேலே சொட்டும். அந்த மேல்படலத்தில் மட்டும் இனிப்பு நீர்த்துப்போகும், பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். கண்ணாடிப் புட்டிகளை 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து உலர்த்தி, சூடு ஆறுமுன் மரப்பலகை மேல் வைத்து, ஜாம் 85 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் வாய்க்கு அரை சென்டிமீட்டர் விட்டு நிரப்பி உடனே மூடுங்கள். நாள்பட வைப்பதென்றால் மூடிய புட்டிகளை மறுபடி 10 நிமிடம் கொதிநீரில் வைத்தெடுங்கள். இருட்டான அலமாரியில் ஓராண்டு இருக்கும். திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து ஒரு மாதத்தில் முடித்துவிடுங்கள்.

சர்க்கரையைக் குறைப்பது பற்றி: அது இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதல்ல. பழத்தின் சொந்தப் பெக்டின் உறைவதற்கும், ஜாம் கெடாமல் இருப்பதற்கும் அதுவே ஆதாரம். 500 கிராமாகக் குறைத்துக் காய்ச்சினால் கொய்யா மணம் தூக்கலாக, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். நாங்களும் அந்த ருசியின் பக்கம்தான். ஆனால் அது தளர்ந்த பழக்கூழ். சிறு புட்டியில், குளிர்பெட்டியில், இரண்டு வாரத்துக்கு மட்டும்.

இப்போது கையில் இருப்பதில் பூத்த புட்டியை அப்படியே கொட்டிவிடுங்கள். மேலே வழித்தெடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். கற்கண்டு மட்டும் பிடித்த, பூக்காத புட்டி இருந்தால், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டு மணிகள் கரையும்வரை சூடாக்கி, குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். அடுத்த முறை ஜாம் ஓடினால், ஒரு கரண்டி எடுத்து நான்கு சொட்டு எலுமிச்சை விட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். அது உறைந்தால் முழுவதையும் அப்படி ஒரே ஒரு முறை மறுகொதி விடலாம். உறையாவிட்டால் பழத்தில் பெக்டின் இல்லை. பாலில் கலந்து குடிக்க நல்ல கொய்யாப் பாகு என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.