கல்லூரி ஐஸ் ஹாக்கி அரங்கம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் படித்தபோது இரண்டு குளிர்காலம் ஒரு கல்லூரி ரிங்க்கில், அதாவது பனித்தரை அரங்கில், பகுதிநேர வேலை பார்த்தேன். வேலை போய்விட்டது, எந்த ஊருக்குப் போனாலும் அரங்கத்தை எட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நல்ல அரங்கம் எது என்று வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணா, ஹாக்கி என்றால் நமக்குப் புல்தரை. இது என்ன?

இது பனித்தரையில் ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதில் 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வட்டு. கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஆறு பேர். மினசோட்டா, மிச்சிகன், மாசசூசெட்ஸ் பக்கம் கல்லூரி ஆட்டம் என்றால் ஊரே கிளம்பும்.

பெரிய அரங்கம்தானே நல்ல அரங்கம்?

இல்லவே இல்லை. பத்தாயிரம் இருக்கையில் நாலாயிரம் பேர் உட்கார்ந்தால், பந்தி முடிந்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். அதே நாலாயிரம் பேரைத் தாழ்ந்த கூரைக்குக் கீழே நெருக்கி உட்கார வையுங்கள், காது அடைத்துவிடும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா ரிங்க் அப்படித்தான். 1957இல் திறந்தது, கொள்வது நாலாயிரத்துச் சொச்சம் பேர். எதிரணியின் பெயர்களை வாசிக்கும்போது மாணவர்கள் மொத்தமாகச் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். 'நீங்கள் யாராக இருந்தால் எங்களுக்கென்ன' என்ற பாவனை! ஹார்வர்டு அணி வந்தால் பனியில் மீன் வந்து விழும். ஹார்வர்டுக்காரர்கள் முன்பு கோழியை எறிந்து கேலி செய்ததற்குப் பதிலடி என்பார்கள். இந்தக் கூத்தெல்லாம் நெருக்கமான இடத்தில்தான் எடுபடும்.

மாணவர்களை எங்கே உட்கார வைப்பது?

கோலுக்குப் பின்னால், செங்குத்தாக. 2013இல் திறந்த பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெகூலா அரங்கில், கட்டட விதி அனுமதிக்கும் எல்லைவரை சரிவைக் கூட்டி மாணவர் பகுதியைக் கட்டினார்கள். எதிரணி கோல்கீப்பருக்குத் தலைக்கு மேல் ஒரு சுவர் நின்று கத்துவது போல இருக்கும். ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் முனை மாறும். எதிரணி கோல்கீப்பர் இரண்டு பகுதி மாணவர்களுக்கு முன்னால் நிற்கிற முனையாகப் பார்த்துக் கட்டினால் இன்னும் நல்லது.

சார், பனி நன்றாக இருக்க என்ன செய்கிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. அடியில் கான்கிரீட், அதற்குள் வரிசையாகக் குழாய்கள். குழாய்க்குள் குளிரூட்டிய, ஆனால் உறையாத உப்புநீரோ 'கிளைகால்' என்ற உறைதடுப்புத் திரவமோ ஓடும். அதன்மேல் தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளித்து உறைய விடுவார்கள். நடுவில் வெள்ளைச் சாயமும் கோடுகளும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 3 செ.மீ. தடிமன்தான். ஒரே தடவையில் கொட்டி நிரப்பினால் பனி வலுவாக இருக்காது.

இடைவேளையில் வண்டி ஒன்று சுற்றுமே, ஜம்போனி, அது மேல்பரப்பைச் சீவிவிட்டுப் பின்னால் வெந்நீர் விடும். பனியில் போய் வெந்நீரா என்று நானும் சிரித்தேன். சூடான நீர் ஸ்கேட் கீறல்களின் விளிம்பைக் கொஞ்சம் உருக்கி ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கண்ணாடி மாதிரி வருகிறது. ஒருநாள் எங்கள் ரிங்க்கில் மூலை திரும்பும்போது தண்ணீர்க் குழாயை மூட மறந்துவிட்டார்கள். மூலையில் குட்டை. துடைப்பானோடு ஓடியவன் நான்தான். ஆட்டம் பத்து நிமிடம் தள்ளிப்போனது.

பலர் கவனிக்காதது மேலே இருக்கிறது. கூரையின் வெப்பம் கதிராக இறங்கிப் பனியை இளக்கும். அதைக் குறைக்கத்தான் சில அரங்குகளில் அலுமினியப் பளபளப்புள்ள உட்கூரை போடுகிறார்கள். ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரமும் சரியாக இல்லை என்றால் பனிமேல் புகைமூட்டம்தான்.

ரிங்க்கின் அளவு?

வழக்கமாக 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒலிம்பிக் பாணியில் அகலம் 100 அடி வரை போகும். மினசோட்டாவின் மாரியூச்சி அரங்கம் 1993இல் அந்த அகலத்தில்தான் திறந்தது, பிற்பாடு குறுக்கினார்கள். எனக்குக் குறுகலே பிடிக்கும். ஒதுங்க இடமில்லை, மோதல் அதிகம்.

சொகுசு முக்கியமில்லையா?

நார்த் டக்கோட்டாவின் ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரங்கம் (2001) தோல் இருக்கைகளும் கிரானைட் தரையுமாக 10 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. போனால் வாய் பிளந்துதான் நிற்போம். ஆனாலும் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் யேல் பல்கலைக்கழகத்தின் இங்கல்ஸ் ரிங்க்கைத்தான் சொல்வேன். கட்டடக் கலைஞர் ஏரோ சாரினன் வடிவமைத்தது, 1958இல் முடிந்தது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு கான்கிரீட் வளைவு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கம்பிவடங்களில் தொங்கும் மரக்கூரை. ஊரில் அதற்குப் பெயரே 'திமிங்கிலம்'. உள்ளே போனால் நிஜமாகவே அதன் வயிற்றுக்குள் நிற்பது போல இருக்கும்.

தம்பி, மகன் பாஸ்டனில் படிக்கிறான். ஆட்டத்துக்குக் கூட்டிப்போகிறானாம். சால்வை போதுமா?

போதாதும்மா. தடித்த சாக்ஸ் கட்டாயம், குளிர் காலிலிருந்துதான் ஏறும். முதல் வரிசை டிக்கெட் வேண்டாம் என்று சொல்லுங்கள். பனித்தரையைச் சுற்றியுள்ள கண்ணாடி முழுக்கக் கீறல், எதிர்முனையில் நடப்பது தெரியவே தெரியாது. மூலைப் பக்கம் ஏழெட்டு வரிசை மேலே கிடைத்தால் விடாதீர்கள். அப்புறம், பக் கூட்டத்துக்குள் பறந்து வந்தால் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். குனிந்துகொள்ளுங்கள்.