சேற்றுக்குள் மக்காத மரம்

கடலடியில் ஆயிரம் வருடத்துக்கு மேல் மரத்தூண் எப்படி மக்காமல் இருக்கும், செமினாரில் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். காப்பாற்றியது தண்ணீர் இல்லை, சேறு. மத்திய அமெரிக்க நாடான பெலீஸின் தென்பகுதியில், பேய்ன்ஸ் க்ரீக் தேசியப் பூங்காவின் காயலில் அலையாத்தி வேர்கள் சேர்ந்து உண்டான சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. மரத்தை அரிக்கும் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பில்லை. 2004-ல் தொல்லியலாளர் ஹெதர் மெக்கிலப் குழுவுக்கு, அங்கே வாழ்ந்த பழங்கால மாயர்களின் உப்புக் கொட்டகைத் தூண்களும், ஒரு முழுப் படகுத் துடுப்பும் கிடைத்தது அதனால்தான். ஆனால் எலும்பையோ சிப்பியையோ தேடாதீர்கள், அதே சேற்றின் அமிலம் அவற்றைக் கரைத்துவிடும்.

அப்புறம், ஸ்லைடில் ‘உப்புப் பாத்தி’ என்று போட்டிருக்கிறீர்களே, அதை மாற்றிவிடுங்கள். அங்கே வெயிலில் காயவைக்கவில்லை. களிமண் உருளைகள் மேல் சட்டியை வைத்து, அடியில் தீ மூட்டி, உப்புநீரைக் காய்ச்சினார்கள். உடைந்த அந்தச் சட்டி ஓடுகள்தான் இன்றும் குவிந்து கிடக்கின்றன.