3,000 வட்டங்கள் நகர வேண்டும்: எஸ்விஜியா, கேன்வாஸா, வெப்ஜிஎல்லா?

கேள்வி: ஆண்டு மாறும்போது 3,000 வட்டங்களும் இடம்பெயரும் வரைபடம் ஒன்றை டி3 (தரவை வரைபடமாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) கொண்டு எஸ்விஜியில் (ஒவ்வொரு வடிவத்தையும் தனி உறுப்பாக வைத்து வரையும் முறை) செய்திருக்கிறேன். கணினியில் ஓடுகிறது, போனில் திக்கித் திணறுகிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) கொண்டு வரையும் வெப்ஜிஎல்லுக்குப் போய்விடலாமா?

பதில்: அவ்வளவு தூரம் வேண்டாம். வட்டங்களை மட்டும் கேன்வாஸுக்கு (பிக்சல்களாக வரையும் ஒற்றைப் பலகை) மாற்றுங்கள். அச்சுகளும் எழுத்துகளும் எஸ்விஜியிலேயே அதன் மேல் இருக்கட்டும்.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒருமுறை வரையும் படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. எஸ்விஜியில் ஒவ்வொரு வட்டமும் தனி டாம் உறுப்பு (பக்கத்தின் பகுதியாகப் பிரவுசர் தனியே நினைவில் வைக்கும் பொருள்). 3,000 உறுப்புகளின் மதிப்பையும் மாற்றி எழுதி, ஸ்டைல் கணக்கிட்டு, திரும்ப வரைய போனுக்கு அந்த நேரம் போதாது. ஆக, மொத்தம் எத்தனை வட்டங்கள் என்பதைவிட ஒரே நேரத்தில் எத்தனை நகர்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். இருபது மட்டும் அசைந்தால் எஸ்விஜியை விடவே மாட்டேன்.

கேன்வாஸில் இருப்பது ஒரே உறுப்பு. ஒவ்வொரு பிரேமிலும் அழித்து வரைகிறோம். டி3-யின் டிரான்சிஷன் (உறுப்புகளைப் படிப்படியாக மாற்றும் வசதி) இங்கே தானாக வேலை செய்யாது. பழைய இடம், புதிய இடம் இரண்டையும் வைத்துக்கொண்டு, ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் (ஒவ்வொரு பிரேமுக்கு முன்னும் நம் குறிநிரலை அழைக்கும் பிரவுசர் வசதி) தரும் நேரத்தைக் கொண்டு இடைப்பட்ட இடத்தைக் கணக்கிடுங்கள். பிரேமை எண்ணி நகர்த்தினால் 120 ஹெர்ட்ஸ் திரையில் எல்லாம் இரட்டை வேகத்தில் பறக்கும்! ஒரே நிற வட்டங்களை ஒரே பாதையாகச் சேர்த்து ஒரு தடவை நிரப்பினால் வேகம் கூடும். ஆனால் வட்டங்கள் ஒளி ஊடுருவும் நிறத்தில் இருந்தால், ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் அடர்த்தியாகத் தெரியாது. அடர்த்திதான் உங்கள் செய்தி என்றால் தனித்தனியாகவே நிரப்புங்கள். அப்புறம், டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் (பக்கத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் எத்தனை பிக்சல்கள் என்ற விகிதம்) கேன்வாஸின் அகல உயரத்தைப் பெருக்க மறந்தால் படம் மங்கும்.

இழப்பும் உண்டு. எந்த வட்டத்தைத் தொட்டார்கள் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டி3-குவாட்ட்ரீ (ஓர் இடத்துக்கு அருகில் உள்ள புள்ளியை விரைவாகத் தேடும் அமைப்பு) போதும். அசைவு நின்றபின் அதைப் புதிதாகக் கட்டுங்கள். ஸ்கிரீன் ரீடருக்குக் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) கேன்வாஸில் வரைந்தது எதுவும் தெரியாது என்பதால் பக்கத்தில் ஓர் அட்டவணை கொடுப்பது நல்லது.

வெப்ஜிஎல் பல பத்தாயிரம், லட்சம் என்று போகும்போதுதான். பழைய, புதிய இடங்களை ஒருமுறை ஜிபியுவில் ஏற்றிவிட்டால், பிறகு பிரேமுக்கு ஒரே ஓர் எண் அனுப்பினால் போதும். பதிலுக்கு ஷேடர் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) எழுத வேண்டும், எழுத்துகளைக் காட்டுவது தனித் தலைவலி.

எதற்கும், மாற்றும் முன் பிரவுசரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். நேரம் போவது வரைவதில் இல்லாமல் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் என்றால், கேன்வாஸும் அதே இடத்தில் திணறும்.