முதல் கிட்டாரைக் கையால் செய்ய எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். மரவேலையில் ஓரளவு பழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு மேசையும் புத்தக அலமாரியும் செய்திருக்கிறேன். இப்போது எஃகுத் தந்தி பூட்டும் அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றைக் கையாலேயே செய்ய விரும்புகிறேன். கடையில் வாங்குவதைவிட இது மலிவாக முடியுமா? பாகங்கள் தொகுப்பாக வரும் கிட் வாங்குவதா, மரத்தைத் தனியாக வாங்கி எல்லாவற்றையும் நானே அறுத்துக்கொள்வதா?

பதில்: மலிவாக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு நல்ல கிட்டின் விலையோடு அனுப்புகூலியையும் சுங்க வரியையும் கூட்டினால், அந்தத் தொகைக்கே முழு மர மேற்பலகை கொண்ட தரமான தொழிற்சாலை கிட்டார் ஒன்று கிடைத்துவிடும். அதற்கு மேல் கருவிகளின் செலவும், நூறு மணி நேரத்துக்குக் குறையாத உங்கள் உழைப்பும் இருக்கின்றன. பணத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம் என்றால் கடைக்குச் செல்லுங்கள். செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையே நோக்கம் என்றால், அந்த ஆசை நியாயமானது. அதற்கான செலவை எங்கே குவிப்பது, எங்கே தவிர்ப்பது என்பதுதான் கேள்வி.

முதல் கிட்டாருக்கு நான் பரிந்துரைப்பது, பக்கப்பட்டைகள் ஏற்கெனவே வளைக்கப்பட்டு, விரல்பலகையில் ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகள் பதியும் பள்ளங்கள் ஏற்கெனவே அறுக்கப்பட்ட கிட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஸ்டூமேக் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கிட்களை விற்கின்றன. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையைச் சூடான குழாயில் வைத்து, பிளவுபடாமல் வளைக்கக் கை பழகுவதற்குள் இரண்டு மூன்று பட்டைகள் வீணாவது வழக்கம். ஃப்ரெட் பள்ளங்களோ இன்னும் கண்டிப்பானவை. தந்தி நீளத்தை, அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கும் மேற்பலகையில் ஒட்டும் பிரிட்ஜுக்கும் இடையிலான தூரத்தை, 17.817 ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கான தூரம் கிடைக்கும். மீதியை மறுபடியும் அதே எண்ணால் வகுத்து அடுத்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். தந்தி நீளம் 645.2 மில்லிமீட்டர் என்றால் முதல் ஃப்ரெட் 36.2 மில்லிமீட்டரில் விழுகிறது. இதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்த ஃப்ரெட்டின் சுரம் எப்போதும் விலகியே ஒலிக்கும். பிறகு அதைத் திருத்துவது கடினம். ஆகவே இந்த இரண்டு வேலைகளையும் முதல் முறை விலை கொடுத்து வாங்கிக்கொள்வது விவேகம். மேற்பலகையை இழைப்பதும், அதன் உள்ளே பலகையைத் தாங்கும் பிரேஸ் கட்டைகளை ஒட்டிச் செதுக்குவதும், கழுத்தைப் பொருத்துவதும் உங்கள் கைக்கே இருக்கட்டும். கிட்டாரின் குரல் பிறப்பது அங்கேதான்.

உறுப்புகளை வெவ்வேறு இடங்களில் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நான் முதன்முதலில் செய்தபோது வரைபடத்தை ஓரிடத்திலும் விரல்பலகையை வேறோர் இடத்திலும் வாங்கினேன், வரைபடம் 645.2 மில்லிமீட்டருக்கும் விரல்பலகை 650 மில்லிமீட்டருக்கும் உரியவை என்பது பிரிட்ஜை ஒட்டப்போகும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது. நட்டின் விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் பள்ளம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் அந்தப் பலகையின் தந்தி நீளம். 322.6 வந்தால் ஒன்று, 325 வந்தால் மற்றொன்று. பொருள் வந்து சேர்ந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை இது.

கருவிகளில் எதற்குச் செலவிடுவது என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனெனில் புதியவர்கள் பணத்தை அதிகம் இழப்பது இங்கேதான். நல்ல எஃகில் செய்த ஓர் இழைப்புளி, இரண்டு உளிகள், அவற்றைத் தீட்டும் சாணைக்கல், டிஜிட்டல் காலிப்பர், வளைவில்லாத எஃகு அளவுகோல், ஃப்ரெட்டின் தலையை உருட்டும் அரம் ஆகியவற்றை நல்லதாகவே வாங்குங்கள். அறுபது உருப்படி, எண்பது உருப்படி என்று பெட்டியில் அடுக்கி விற்கும் தொகுப்புகள் வேண்டாம். அவற்றில் பாதிக்கு மேல் தொடக்கூட மாட்டீர்கள். டஜன் கணக்கில் கிளாம்ப் வாங்கவும் தேவையில்லை. பக்கப்பட்டையின் உள்விளிம்பில் ஓடும் பள்ளமிட்ட துணைப்பட்டையை ஒட்ட, ரப்பர் வளையம் சுற்றி இறுக்கிய துணி கிளிப்புகளே போதும். மேற்பலகையில் பிரேஸ்களை அழுத்திப் பிடிக்க, மேலும் கீழும் இரண்டு பலகைகள் வைத்த ஒரு சட்டம் செய்து, இடையே மூங்கில் சிம்புகளை வளைத்து முட்டுக்கொடுக்கலாம். உலகெங்கும் கிட்டார் செய்பவர்கள் கையாளும் முறைதான் இது, நமக்கு மூங்கிலுக்குப் பஞ்சமும் இல்லை. பசையில் மட்டும் கவனம் வேண்டும். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் எழுபது கிலோவுக்கு மேல் பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண வெள்ளை மரப்பசை அந்த ஓயாத இழுவிசையிலும் வெயில் காலத்துச் சூட்டிலும் மெல்ல நகர்ந்து கொடுக்கும். இறுகியபின் கெட்டியாக நிற்கும் மஞ்சள் நிற அலிஃபாட்டிக் பசையையோ, பழகிக்கொள்ளும் பொறுமை இருந்தால் விலங்குத் தோல் பசையையோ பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மரவாடியில் தேக்கும் ரோஸ்வுட் எனப்படும் ஈட்டியும் கிடைக்கின்றன. தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த, அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தேக்குக் கதவும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்தே மேற்பலகை செய்யலாமா? ஈட்டி மரத்தை வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: அந்தக் கதவு மேற்பலகைக்கு ஆகாது, ஆனால் வீணும் அல்ல. மேற்பலகைக்கு எடை குறைவும் விறைப்பு அதிகமும் உள்ள மரம் வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வளரும் சிட்கா ஸ்புரூஸ் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 425 கிலோ; தேக்கோ 650 கிலோவை ஒட்டியது. தேக்கை மேற்பலகையாக இழைத்தால், விறைப்புக்காகக் கனமாக விட்டால் குரல் அடங்கிவிடும், குரலுக்காக மெலிதாக்கினால் தந்தியின் இழுப்பில் வயிறு தள்ளிவிடும். ஸ்புரூஸ் பலகையை மட்டும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஆண்டு வளையக் கோடுகள் நெருக்கமாகவும் நேராகவும் ஓடுகின்றனவா, பலகையின் விளிம்பைப் பார்த்தால் அந்த வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்து கிடக்கும் வளையங்கள் பலகையின் விறைப்பைக் குறைக்கும். இழைத்து முடிக்கும்போது அதன் கனம் 2.8 மில்லிமீட்டரை ஒட்டி வரும்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் உங்கள் கதவைப் பயன்படுத்தலாம். ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் உருவாக்கினார். குரலைத் தீர்மானிப்பது மேற்பலகையே என்று காட்டுவதற்காகச் செய்த அந்தக் கருவி இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகின் மரம் ஒலியை மாற்றவே மாற்றாது என்று நான் சொல்லவில்லை. முதல் கிட்டாரில் அதற்காகப் பெரும் பணம் போட வேண்டியதில்லை என்கிறேன். பெரிய உடலுள்ள டிரெட்நாட் வடிவத்துக்கு, பக்கப்பட்டை ஒவ்வொன்றும் சுமார் 80 சென்டிமீட்டர் நீளமும் 12.5 சென்டிமீட்டர் அகலமும், முதுகின் ஒவ்வொரு பாதியும் சுமார் 54 சென்டிமீட்டர் நீளமும் 21 சென்டிமீட்டர் அகலமும் வேண்டும். ஆணித் துளை இல்லாமல் இந்த அளவு கதவில் தேறுகிறதா என்று பார்த்துவிட்டு, இரும்புத் துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மர அறுவை மில்லுக்குக் கொண்டுபோங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் இடத்தை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

இனி ஈட்டி. நீலகிரியிலும் ஆனைமலையிலும் வயநாட்டிலும் வளரும் இந்த மரத்தைத் தேடி உலகம் வந்த கதை நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது. பிரேசில் தன் ஈட்டி மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபின், அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969-ல் நம் ஈட்டிக்கு மாறியது. இன்றுவரை நல்ல கிட்டார்களின் முதுகுகளில் அது இருக்கிறது. அந்தத் தேவையே அதற்கு ஆபத்தாகவும் முடிந்தது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட அரசின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்றது. 2017 ஜனவரி முதல், பிரேசில் ஈட்டி நீங்கலாக, ஈட்டிப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடிவுற்ற உறுப்புகளுக்கும் விலக்கு உண்டு, அறுத்த பலகைக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே மரவாடியில் வாங்கினால் முறையான ரசீதும், மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான வனத்துறைக் கடவுச் சீட்டின் விவரமும் கேளுங்கள். தயங்கும் கடையில் எவ்வளவு அழகான பலகை இருந்தாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டுக் கிட்டில் ஈட்டி முதுகு இருந்தால், சைட்டீஸ் ஆவணத்தை அனுப்புகிறார்களா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் பொருள் சுங்கத்தில் நின்றுவிடக்கூடும். ஈட்டியை இழைக்கும்போது எழும் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும் என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: இணையச் சந்தையில் "சாலிட் ஸ்புரூஸ் மேற்பலகை" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு கிட்டை வாங்கினேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் மேற்பலகையின் ஓரத்தில் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்பப் பெற முடியாது" என்று விற்பனையாளர் கூறுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பலகையின் மீது உளியையோ ரம்பத்தையோ வைக்காதீர்கள். நீங்கள் அதை வெட்டாத வரை குறை விற்றவருடையது. ஒரு வெட்டு விழுந்துவிட்டால், குறை முதலிலேயே இருந்ததா உங்கள் கையால் வந்ததா என்ற வாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள்.

நீங்கள் பார்த்தது சரியான அடையாளமே. முழு மரப் பலகையில், மேல் முகத்தில் ஓடும் கோடு ஒவ்வொன்றும் விளிம்பில் இறங்கி மறுபுறம் வரை தொடரும். ஒலித்துளையின் விளிம்பிலும் இதைப் பார்க்கலாம். அடுக்குப் பலகையில் மேலே ஒரு மெல்லிய ஸ்புரூஸ் தாளும், நடுவே குறுக்கு நரம்புள்ள வேறு மரமும் தெரியும். "செலக்ட் ஸ்புரூஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் அடுக்குப் பலகைதான். ஆனால் உங்கள் விளம்பரத்தில் முழு மரத்தைக் குறிக்கும் "சாலிட்" என்ற சொல்லே இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாக இருந்தாலோ விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாவிட்டாலோ அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பெட்டியைப் பிரிக்காமல் பலகையின் விளிம்பை எவர் பார்க்க முடியும்? குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்தச் சொல் அங்கே இல்லாமல் போகலாம். விளிம்பின் படங்களோடு சந்தை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பயனில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பல வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. விற்றவர் வெளிநாட்டில் மட்டும் இருப்பவர் என்றால் இந்த வழி நடைமுறையில் கடினம். கார்டில் பணம் கட்டியிருந்தால் உங்கள் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவதை, கோருவதே விரைவானது.

கேள்வி: சென்னையில் அடுக்ககத்தில் இருக்கிறேன். ஈரப்பதத்தைக் குறைக்கும் இயந்திரம் வாங்காமல் கிட்டார் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இயந்திரம் இல்லாமலும் முடியும், ஈரப்பதமானி இல்லாமல் முடியாது. காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது பிரேஸ்களை ஒட்ட வேண்டும் என்பது பொது விதி. ஈரக் காற்றில் விரிந்திருக்கும் பலகையில் குறுக்கே கட்டையை ஒட்டிவிட்டால், பிறகு வறண்ட அறையில் பலகை சுருங்க முயலும், கட்டை விடாது, பலகை பிளக்கும். வறண்ட நிலையில் ஒட்டியது பின்னர் ஈரத்தில் விரிந்தால் சற்று மேடாவதோடு நின்றுவிடும். ஆகவே படுக்கையறையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு, பலகைகளை இரண்டு மூன்று நாட்கள் அங்கேயே காற்றோட்டமாக நிறுத்திவைத்து, மானி 50-க்குக் கீழே நிலைத்தபின் அந்த அறையிலேயே ஒட்டுங்கள். மழைக்காலத்தில் அந்த அளவு இறங்கவே இறங்காவிட்டால் ஒட்டும் வேலையை மட்டும் தள்ளிவைத்து, கழுத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கலாம்.

மலிவான டிஜிட்டல் மானிகள் பத்து விழுக்காடு வரைகூடப் பிசகுவதுண்டு. வாங்கிய அன்றே சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் களிபோல் நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த மானியின் அளவில் எப்போதும் ஐந்தைக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.