கயிற்றைப் பிடித்தவன்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் வீட்டில் பிரெஞ்சு உண்டு. பீட்டர் மே எழுதிய ‘தி பிளாக்ஹவுஸ்’ என்ற துப்பறியும் நாவலைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டு, பாரீசில் இருக்கும் அக்காவிடம் சொல்லி பிரெஞ்சுப் பதிப்பை வரவழைத்துப் படித்தேன். மூன்று சந்தேகங்கள். எடின்பரோவில் வேலை பார்க்கும் போலீஸ்காரர் ஃபின்னை, பல வருடங்களாகத் திரும்பிப் பார்க்காத அவருடைய சொந்தத் தீவுக்கே கொலையை விசாரிக்க அனுப்புகிறார்கள். இது கதைக்காகச் செய்த ஏற்பாடு இல்லையா? அப்புறம், பாதி நாவல் அவருடைய சின்ன வயசுக் கதையாகப் போகிறது. கொலையை யார் துப்பறிவது? கடைசியாக, அந்தப் பறவை வேட்டை. படிக்கவே முடியவில்லை. அத்தனை பக்கம் அது எதற்கு? முடிந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள்: நம் கடற்கரையை வைத்து இப்படி ஒரு நாவல் தமிழில் வருமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பிரெஞ்சில் படித்தது மிகவும் பொருத்தம். பீட்டர் மே ஸ்காட்லாந்துக்காரர். இந்த நாவலை ஆங்கிலத்தில்தான் எழுதினார். பிரிட்டனில் பதிப்பாளர் கிடைக்கவில்லை. பிரான்சில்தான் முதலில் அச்சானது, 2009-இல், ‘பறவை வேட்டைக்காரர்களின் தீவு’ என்று பொருள்படும் தலைப்பில். ஆங்கில மூலம் 2011-இல்தான் வந்தது. அந்தத் தீவுக்கதை முதலில் போய்ச் சேர்ந்தது உங்கள் தாத்தாவின் மொழிக்குத்தான்.

உங்கள் முதல் சந்தேகத்துக்கு என் வீட்டுக் கதையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் அக்கரைகோரி. கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், உப்பனாற்றங்கரையில் நின்றால் எதிரே தெரியும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் மணல்மேட்டில் ஊர். நான் ஒன்பதாவது படிக்கும்போது அங்கே ஒருவருடைய வலையை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அறுத்துவிட்டார்கள். இன்ஜின் டேங்கில் மணலையும் கொட்டியிருந்தார்கள். புகார் ஸ்டேஷனுக்குப் போனது. என் பெரியம்மா மகன், அண்ணன், அப்போது போலீசில் இருந்தார். வேலை வேறு ஊரில். லீவில் வந்திருந்தவரிடம் இங்குள்ள அதிகாரி சொன்னாராம்: “உன் ஊராச்சே, உன்கிட்ட சொல்லுவாங்க. போய்ப் பார்த்துட்டு வா.” ஃபின்னை அனுப்பியதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். எடின்பரோவில் அவர் விசாரித்த கொலையைப் போலவே தீவிலும் ஒன்று நடக்கிறது. அதோடு அவருக்குத் தீவுக்காரர்கள் பேசும் கேலிக் மொழி தெரியும், ஊரும் தெரியும். அதிகாரிகளுக்கு இதில் தப்பாக எதுவும் தெரியாது. ஊர்க்காரன் என்றால் எல்லாரும் வாய் திறப்பார்கள் என்று நம்புகிறவர்கள் எப்போதும் வெளியூர்க்காரர்கள்தான்.

அண்ணனோடு படகில் நானும் போனேன். அக்கரையில் இறங்கியதும் அவர் முதலில் செய்தது பூட்ஸைக் கழற்றியது. மணலில் பூட்ஸோடு நடக்க முடியாது. கயிற்றை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். காக்கிச் சட்டை, காக்கி பேன்ட், வெறுங்கால். முதல் வீட்டில் ஒரு பாட்டி, “இவ்ளோ இளைச்சிட்டியே, சாப்பிட்டியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டை வைத்தார். காரப்பொடி மீன் குழம்பு. அண்ணன் நோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அடுத்த வீட்டில் டீ. அதற்கடுத்த வீட்டில், “உனக்கு எப்பப்பா கல்யாணம்?” கேள்வி கேட்கப் போனவர் எல்லார் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான் நோட்டை எட்டிப் பார்த்தேன். தேதி மட்டும் எழுதியிருந்தது.

திரும்பும்போது, நடு ஆற்றில், படகு தள்ளிய பெரியவர் அவரைப் பார்க்காமலே சொன்னார்: “யாரு அறுத்தான்னு ஊரெல்லாம் கேட்டுட்டுப் போறியே. முகத்துவாரத்துல உன்னை முடியைப் பிடிச்சு இழுத்துக் கரையேத்துனானே, அவனைக் கேட்டியா?”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்தார். அவர் சின்ன வயதில் முகத்துவாரத்தில் முழுகப் போனதும், கூட விளையாடிய ஒருவர் காப்பாற்றியதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்து அதற்குள் கூடி, அறுத்தவருக்கு அபராதமும் போட்டு, வலைக்காரருக்குப் பணமும் வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தது. தெரியாமல் இருந்தது ஸ்டேஷனுக்கு மட்டும்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. வெளியூர்த் துப்பறிவாளனுக்கு ஊர் ஒரு புதிர். மண்ணைக் கிளறுகிறான், ஆட்களை மிரட்டுகிறான், கண்டுபிடித்துவிட்டு ரயில் ஏறுகிறான். ஊருக்குத் திரும்பியவன் நிலைமை வேறு. அவனே ஒரு சாட்சி. கொலையானவனும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். சந்தேகப்பட வேண்டிய ஆள் இவனோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியவன். இவன் விசாரிக்க வேண்டிய முதல் ஆள் இவனேதான். அதனால்தான் நாவலில் இன்றைய விசாரணையைப் படர்க்கையில் சொல்கிறார், பழைய கதையை ஃபின் தன் வாயால் ‘நான்’ என்று சொல்கிறான். நீங்கள் தடங்கல் என்று நினைத்த அந்த ‘நான்’ அத்தியாயங்கள்தான் நிஜமான வாக்குமூலம். ஃபின் நமக்குச் சொல்வதைக் கவனியுங்கள், அவன் தாண்டிப் போவதையும் கவனியுங்கள். தனக்கே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறான். முடிவை இங்கே எழுத மாட்டேன், படிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முடித்தபின் ஒருமுறை முதல் நூறு பக்கங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கொலைகாரனுக்கான தடயம் அவ்வளவும் சின்ன வயசுக் கதைக்குள்தான் கிடக்கிறது.

இப்போது பறவை வேட்டை. உங்களுக்கு வந்த அருவருப்பு எனக்கும் வந்தது. அதை நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் அது ஆசிரியர் கற்பனை செய்தது இல்லை. ஃபின்னின் சொந்தத் தீவான லூயிஸின் வடகோடியில் இருப்பது நெஸ் என்ற வட்டாரம். அங்கேயிருந்து சுமார் 40 மைல் வடக்கே, நட்டநடுக் கடலில் சூலா ஸ்கேர் என்று ஒரு பாறை. நாவலில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். நெஸ் ஆண்கள் பத்துப் பேர் கோடை முடியும் சமயத்தில் அங்கே போய், ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி, கேனெட் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்து, தீயில் வாட்டி, உப்புப் போட்டுக் கொண்டுவருவார்கள். குஞ்சுக்கு அவர்கள் மொழியில் குகா என்று பெயர். நெஸ்காரர்கள் சின்னப் படகில் அந்தப் பாறைக்குப் போய்ப் பறவை கொண்டுவருவதை 1549-இல் ஒரு பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டனில் பறவைப் பாதுகாப்புச் சட்டம் 1954-இல் வந்தபோது இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். உரிமத்தில் 2,000 குஞ்சுகள் என்று வரம்பு இருந்தது.

இத்தனை பக்கம் அது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். கயிற்றுக்காகத்தான். அந்தப் பாறை முழுக்கப் பறவை எச்சம், ஈரம். செங்குத்தான விளிம்பில் ஒருவன் இறங்க, இன்னொருவன் மேலே நின்று கயிற்றைப் பிடிக்கிறான். முத்துக் குளிக்கப் போகிறவன் கயிற்றை மச்சான் கையில் மட்டும்தான் கொடுப்பான் என்று நம் பக்கம் சொல்வார்கள் இல்லையா, அதேதான். தங்கை தாலியை நினைத்தாவது மச்சான் கயிற்றை விடமாட்டான். அந்தப் பாறையில் எல்லாரும் ஒருவனுக்கு ஒருவன் அப்படி மச்சான். பாறையில் நடந்தது பாறையோடு போகட்டும் என்று அவர்கள் வாயை மூடிக்கொள்வதைச் சதி என்று நினைத்துப் படித்தால் நாவல் சின்னதாகிவிடும். அடுத்த வருடமும் அதே ஆட்களோடு அதே விளிம்பில் இறங்கியாக வேண்டும். கயிற்றைப் பிடித்தவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கு வாய் வரும்? வேட்டையை அவ்வளவு விரிவாக எழுதவில்லை என்றால் அந்த மௌனத்தை நாம் நம்பியிருக்க மாட்டோம். அண்ணன் நோட்டை மூடியதை நான் கண்ணால் பார்த்தவன், எனக்கு நம்புவதில் கஷ்டம் இருக்கவில்லை.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாக்ஹவுஸ் என்பது அந்தத் தீவுகளின் பழைய வீடு. இரட்டைக் கல்சுவர், நடுவில் மண், மேலே கூரை. வீட்டு நடுவில் மட்கிய கரிமண் கட்டியை எரிப்பார்கள், புகைபோக்கி கிடையாது. புகை கூரை வழியாகக் கசிந்துதான் வெளியே போகும். ஒரே கூரைக்கடியில் ஒரு பக்கம் மனிதர்கள், ஒரு பக்கம் மாடுகள். புகை படிந்து கறுத்த பழைய கூரையைப் பிரித்து வயலுக்கு உரமாகப் போடுவார்கள். புகையை லேசில் வெளியே விடாத அந்த வீட்டின் பெயரை இந்தக் கதைக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நம் கடற்கரையை வைத்து வருமா என்று கேட்டிருந்தீர்கள். வர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேன். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்கு அப்பால், கிள்ளைக்கு எதிரே கடலோர மணல்திட்டில், எம்.ஜி.ஆர். திட்டு என்று ஊர் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அது அழிந்தது. பிழைத்தவர்கள் இக்கரைக்கு வந்து குடியேறினார்கள். அங்கே பிறந்து, போலீசில் சேர்ந்து, வேறு மாவட்டத்தில் வேலை பார்த்த ஒருவன், சுனாமிக்கு முந்தின ஏதோ ஒரு சாவை விசாரிக்கத் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபின் திரும்பும்போது அவனுடைய ஊர் அப்படியே இருக்கிறது, மனிதர்களும் இருக்கிறார்கள். நம் ஆளுக்கு ஊரே கிடையாது. வீடு இருந்த இடம் மணல். சாட்சிகளில் பாதிப்பேர் அந்த ஒரே காலையில் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் போய், செத்தவர்கள் மீது பழி சொல்லும் ஒரு கேள்வியை எப்படிக் கேட்பான்? எனக்கு அந்தக் காட்சி வரை தெரிகிறது. அதற்கு மேல் எழுத, கிள்ளையில் நிறைய நாள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எழுதுகிற யாராவது இதைப் படித்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரே எழுதினால் இன்னும் நல்லது.

உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். ஃபின் முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் அத்தியாயம். வீட்டில் கேலிக் மட்டுமே பேசிய பையன், டீச்சர் பேசும் ஆங்கிலம் புரியாமல் முழிக்கிறான். பக்கத்தில் இருக்கும் பெண்பிள்ளை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் படிக்கும்போது, டீச்சரின் மொழியிலேயே அந்தப் பையன் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிரெஞ்சில் அந்த ஆங்கிலமும் மூன்றாவது மொழியாக மாறியிருக்குமே. டீச்சரின் பேச்சை ஆங்கிலத்திலேயே விட்டிருக்கிறார்களா, அதையும் பிரெஞ்சாக்கிவிட்டார்களா? அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூர் முதுநகர்